நாலு சாயம் பூசிய ஜீப்பு

மன்னவனூரில் ஒரு வண்டியைப் பற்றி விசாரிப்பவர்கள் அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மழை ஓய்ந்த மறுநாள், பூண்டுக் காட்டுக்குள்ளிருந்து மூட்டைகளோடு தார் ரோட்டுக்கு ஏறி வருமா என்றுதான் கேட்பார்கள். ஏறும் என்றால் நல்ல வண்டி. ஏறாது என்றால் அது சுற்றுலா வண்டி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டி முப்பத்தைந்து கிலோமீட்டர் போல வந்தால் எங்கள் ஊர். உயரம் ஏறக்குறைய 2,000 மீட்டர். அங்கே காற்றே மெலிவு. கீழே வத்தலக்குண்டில் நூறு குதிரைத்திறன் காட்டும் பழைய என்ஜின், எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது எண்பதை ஒட்டித்தான் நிற்கும். டர்போ வைத்த இந்தக் காலத்து வண்டிகளுக்கு அந்தக் கஷ்டம் அவ்வளவாக இல்லை. அப்பாவின் ஜீப்புக்கு இருந்தது.

'மசில் கார்' என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று கல்லூரி விடுதியில்தான் தெரிந்துகொண்டேன். அறைத் தோழன் கட்டிலுக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தான். 1964-இல் அமெரிக்காவில் வந்த பான்டியாக் ஜிடிஓ. 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர், 325 குதிரைத்திறன். நடுத்தரமான கார் ஒன்றுக்குள் பெரிய காரின் என்ஜினைத் தூக்கி வைத்தார்கள், விலையை இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும்படி வைத்தார்கள், அவ்வளவுதான் சூத்திரம். நேர்ரோட்டில் கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்பதே அந்தக் கார்களின் வேதம். நம் நாட்டில் அந்தச் சாதி எதுவும் பிறக்கவில்லை. அம்பாசடர், பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று மூன்றையும் சொல்லிவிட்டால் அந்தக் காலத்துக் கார்க்கதை முடிந்தது. பலம் என்று பார்த்தால் ராணுவத்துக்காக ஜபல்பூரில் நிசான் உரிமத்தில் செய்த ஜோங்காவைச் சொல்லலாம்: ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நாலு லிட்டர். ஆனால் அது குடிக்கிற பெட்ரோலுக்கு அரசாங்கம்தான் முதலாளியாக இருக்க வேண்டும்.

"எங்க வீட்லயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்குடா" என்றேன் தோழனிடம். ஜீப்பு என்றதும் சிரித்தான். பிறப்பில் 2.2 லிட்டர், எழுபத்துச் சொச்சம் குதிரைத்திறன், சிரிக்கத்தான் செய்வான். அவனுக்கு நான் அன்றைக்குச் சொல்லத் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. அந்த ஜீப்பின் கியர்பாக்ஸில் முதல் கியரைப் போட்டு, பக்கத்திலிருக்கும் குட்டி லீவரில் லோ போட்டால், என்ஜின் ஏறக்குறைய 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். நடந்து வருகிறவன் முந்திப் போய்விடுவான். ஆனால் நாலு சக்கரமும் சேறு பிடித்து, ஒவ்வொரு அங்குலமாக, மூட்டையோடும் ஆளோடும் மேட்டில் ஏறும். எங்கள் மலையில் சதை என்பது இதுதான்.

அமெரிக்காவின் அந்தக் கார்களையும் எங்கள் ஜீப்பையும் சேர்த்துப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நெருக்கின. இன்சூரன்ஸ் கட்டணத்தாலும் புகைக் கட்டுப்பாட்டாலும் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த மசில் கார்களை அந்த அடி படுக்கவைத்தது. அதே அடிதான், சில வருஷம் பிந்தி, எங்கள் ஜீப்பின் வயிற்றிலிருந்த பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டிராக்டர் சாதி டீசல் என்ஜினை ஏற்றவும் வைத்தது.

வண்டி சிஜே3பி. வில்லிஸ் கம்பெனி 1953-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த மாதிரி அது. உலகப் போர்க்கால ஜீப்பில் வால்வு எல்லாம் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. ஹரிகேன் என்ற புது என்ஜினில் காற்று உள்ளே வரும் வால்வை மட்டும் தலைக்கு மேலே ஏற்றினார்கள். புகை வெளியேறும் வால்வு பழைய இடத்திலேயே இருந்தது. அதனால் என்ஜின் உயர்ந்துவிட்டது, பழைய பானட்டுக்குள் அடங்கவில்லை. புது உடம்பு செய்யச் செலவாகும் என்று பானட்டை மட்டும் தூக்கிவிட்டார்கள். சிஜே3பிக்கு அந்த நெற்றி மேடேறிய முகம் வந்த கதை இவ்வளவுதான். வில்லிஸ்காரர்கள் 1968-இல் அந்த மாதிரியை நிறுத்திக்கொண்டார்கள். இந்தியாவில் உரிமம் வாங்கிச் செய்துவந்த மகிந்திரா நிறுத்தவில்லை. அமெரிக்காவில் பதினைந்து வருஷம் வாழ்ந்த முகம், இந்தியாவில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது.

அப்பா 1974-இல் வாங்கினார். ராணுவம் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்கும் ஒருவரிடமிருந்து. அதற்குமுன் எங்கள் பக்கத்தில் மூட்டை சுமந்தவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும். லாரி ரோட்டோரத்தில் நிற்கும், காட்டிலிருந்து ரோடு வரைக்கும் விலங்கு முதுகு. கொடைக்கானல் அப்போது மதுரை மாவட்டம், திண்டுக்கல் பிரிந்ததெல்லாம் 1985-இல். அதனால் நம்பர் எம்டியு என்று தொடங்கும். அந்த எழுத்தை இன்றைக்கும் நான் மாற்றவில்லை.

பூண்டு அறுவடை சமயத்தில் ஜீப்பின் வேலை இப்படி: அதிகாலையில் மூட்டை ஏற்றி, கொடைக்கானல், பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று இறங்கி, காட்ரோட்டில் திரும்பி, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டி சந்தை. மலைப்பூண்டுக்கு இன்று புவிசார் குறியீடெல்லாம் இருக்கிறது. அன்று வடுகபட்டி வியாபாரி கையிலெடுத்து நசுக்கி மோந்து பார்ப்பதுதான் குறியீடு. ஜீப்பு பெரிய வண்டி இல்லை, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 80 அங்குலம்தான். பின்னால் இழுவண்டி மாட்டிக்கொள்வார். அப்பாவுக்குப் பயம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான். அந்த ஜீப்பின் பிரேக் ஒரே குழாய் வழி; நாலு சக்கரத்தில் எங்கே ஒழுகினாலும் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் தண்டைத்தான் பிடிக்கும். ஓடும்போது அதை இழுத்தால் கிராஸ் முறியும். அதனால் அப்பா இரண்டாவது கியரில்தான் மலை இறங்குவார். என்ஜினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். "டீசல மிச்சம் புடிக்கிறேன்னு நியூட்ரல்ல எறக்குறவன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்காதீக" என்று கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்திலேயே சொல்லியிருக்கிறார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பூண்டு மட்டுமில்லை. மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஊர்க்காரர்களுக்கு 'ஆட்டுப்பண்ணை'. அங்கிருந்து கிடா வாங்கிப் போகிறவர்களுக்கு ஜீப்பு தேவைப்படும். பாரத் மெரினோ கிடா ஒன்றோடு பின்சீட்டில் பள்ளிக்கூட விடுமுறையில் போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன் ரோமத்துக்குள் கையை விட்டால் குளிரே தெரியாது. பிரசவ வலி கண்டவர்கள், மரம் விழுந்து காலொடிந்தவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லோரும் அதில் ஏறியிருக்கிறார்கள். கவுஞ்சி, பூண்டி, கிளாவரைக்காரர்களுக்கும் ஆத்திர அவசரத்துக்கு அதுதான். காசு கொடுத்தவர்களும் உண்டு, கேரட் மூட்டை கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. அம்மாவிடம் மூன்றாவது பட்டியல் மட்டும் மனப்பாடமாக இருந்தது.

டீசல் என்ஜின் ஏறியது எண்பதுகளின் தொடக்கத்தில். இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரை மகிந்திரா கூட்டுக் கம்பெனி அறுபதுகளில் இங்கே செய்யத் தொடங்கியது. அந்த என்ஜின்தான் பிறகு ஜீப்புகளுக்கும் வந்தது. 2.35 லிட்டர். பெட்ரோல் என்ஜினைவிட குதிரைத்திறன் குறைவு, சத்தம் மூன்று மடங்கு, செலவு பாதி. தை மாதக் காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும்போது அது எழுந்திருக்கவே மாட்டேன் என்னும். ஹீட்டர் பிளக் சூடேறக் காத்திருக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை நம்பி எவனும் மலையில் வண்டி நிறுத்த மாட்டான். இரவில் சரிவில்தான் நிறுத்துவது, சக்கரத்துக்குக் கல் வைத்து. காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், கிளட்சை விட்டால் பற்றிக்கொள்ளும். கல்லெடுக்கும் உத்தியோகம் என்னுடையது. இறக்கிய பெட்ரோல் என்ஜினை அப்பா எடைக்குப் போடவில்லை. சாக்கு சுற்றி, பூண்டு காயப்போடும் கொட்டகையின் மூலையில் வைத்தார்.

அவர் போனபிறகு ஜீப்பு நின்றது. நான் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன், பிக்கப் வேன்கள் ஊருக்கு வந்துவிட்டன, யாருக்கும் அது தேவைப்படவில்லை. வண்டி ஓடினால் தேயும், நின்றால் சாகும். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். நிற்கிற இரும்புக்கு அதைவிடப் பகை இல்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் டீசல் டேங்க், அதன் அடித்தகடு உதிர்ந்து போயிருந்தது. கால் வைக்கும் தரையில் ஓட்டை வழியாகப் புல் முளைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. பிரேக் டிரம்கள் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டன. ஊருக்கு வருகிற பழைய இரும்பு வியாபாரி ஒவ்வொரு தடவையும் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார். அவர் ஏற்றிச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. எடைக்கு இவ்வளவு போகும் என்றால் அதில் இன்னும் இரும்பு மிச்சமிருக்கிறது.

வத்தலக்குண்டில் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர், எல்லோருக்கும் பாய். லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனேன். பெயின்ட், சீட்டு, டயர் என்று நான் கொண்டுபோன பட்டியலை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை.

"தம்பி, அதெல்லாம் மடிச்சு பாக்கெட்ல வைங்க. மொதல்ல பாடியத் தூக்குவோம். சேஸ் நேரா இருக்கான்னு பாத்துட்டு அப்பறம் பேசுவோம். அது கோணியிருந்துச்சுன்னா நான் டீ வாங்கித் தர்றேன், நீங்க மலைக்குப் போயிருங்க."

தூக்கினோம். முன் பம்பர் மூலையிலிருந்து பின் மூலைக்குக் குறுக்கே நூல் பிடித்தார், மறுபடி எதிர் மூலைக்கு. இரண்டு அளவும் ஒத்துப்போனால் சேஸ் நேர். ஒத்துப்போனது, ஒரு விரல்கடை வித்தியாசத்தில். அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றும்படி பையன்களிடம் சொன்னார். அடுக்கில் நடுவிலிருந்த இரண்டு பட்டைகள் முறிந்தே இருந்தன. எப்போது முறிந்தன என்று தெரியாது. முறிந்த பட்டையோடு அப்பா எத்தனை வருஷம் வடுகபட்டி போனாரோ.

என்ஜின் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. டிராக்டர் இனம் என்பதால் லைனரும் பிஸ்டனும் கிடைத்தன. கிராங்க் சாஃப்டைக் கிரைண்டிங் கொடுத்து, ஒரு சைஸ் கூடிய பேரிங் போட்டார்கள். டீசல் பம்ப்பும் நாசிலும் மதுரைக்குப் போய் வந்தன. கியர்பாக்ஸைத் திறந்து மூடினோம். முதல் கியரின் பற்கள் மட்டும் முனை மழுங்கியிருந்தன; அதற்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, வண்டி முழுசாக நின்ற பிறகுதான் விழும், அல்லது டபுள் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பற்களை மழுக்கியது அப்பா இல்லை, சித்தப்பாதான் என்று அம்மா இன்றும் சத்தியம் செய்வார்.

உடம்புதான் நெடுநாள் இழுத்தது. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காத உதிரி இல்லை என்பார்கள். நான் போனபோது முன் மட்கார்டு கிடைத்தது, கதவுக்கட்டைக்கு இரண்டு தெரு அலைய வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் உக்கடத்தில் ஹெட்லைட் வளையம் கிடைத்தது. அரியானாவில் மண்டி டப்வாலி என்றொரு ஊர் இருக்கிறது, அங்கே ஜீப்பு உடம்பை முழுசாகப் புதிதாக அடித்து, அலாய் வீல், வரிசையாக எல்இடி விளக்கு, ஆளுயர டயர் என்று அலங்கரித்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். புது உடம்பே வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வரும் அந்த ஜீப்புகளை நான் குறை சொல்லவில்லை, எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். தவிர, கம்பெனி கொடுத்த வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை இன்னும் இறுக்கியது. எங்கள் ஜீப்பின் டீசல் மாற்றம் தப்பித்தது, அப்பா அந்தக் காலத்திலேயே ஆர்சி புக்கில் பதிந்து முத்திரை வாங்கி வைத்திருந்ததால். மஞ்சள் பையில் மடித்து வைத்த அந்தப் புத்தகம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது பெயின்ட் சுரண்டிய நாட்கள். டிங்கர் வேலைக்காரர் தகரத்தைத் தட்டி எடுப்பதற்கு முன்பு பழைய சாயத்தை எடுக்க வேண்டும். மேலே கிரீம் நிறம், எனக்குத் தெரிந்த ஜீப்பு. அதற்குக் கீழே நீலம், அக்கா கல்யாணத்துப் போட்டோவில் இருப்பது. அதற்கும் கீழே ஒரு சாம்பல், எனக்கு ஞாபகமில்லாதது. அம்மாவைக் கேட்டால், "வாங்குன புதுசுல அப்பிடித்தான் இருந்துச்சு, செங்கல் சூளக்காரன் வண்டி மாதிரி" என்றார். அதற்கும் அடியில், பானட்டின் உள்மடிப்பில், ராணுவப் பச்சை. வெள்ளையில் ஏதோ எண் எழுதி அழித்த தடம்கூட லேசாகத் தெரிந்தது. அந்த ஜீப்பு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் எந்த எல்லையில் நின்றதோ, யாரை ஏற்றியதோ. அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டாம் என்றேன். டிங்கர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். துரு பிடிக்கும் என்று வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்.

அப்போதுதான் கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் உள்ளே வந்தார். பழைய வண்டிகளில் ஊறியவர், நல்ல மனிதர், என்னைவிட நூறு மடங்கு விஷயம் தெரிந்தவர். அவர் சொன்னது தெளிவாக இருந்தது: "அசலுக்குப் போங்க. ஹரிகேன் கைவசம் இருக்கு, டீசலத் தூக்கி எறிங்க. ராணுவப் பச்சை அடிங்க. இந்த வண்டிக்கு அப்பறம் விலையே வேற."

பச்சை அடிக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 121, ராணுவத்தின் வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அந்த ஆலிவ் பச்சையைப் பூசக்கூடாது என்கிறது. ஏலத்தில் எடுத்தவர்கள் முதலில் செய்வது வேறு சாயம் அடிப்பதுதான். அந்தச் சாம்பல் ஏன் வந்தது என்று அப்போது புரிந்தது. ஆக, அசல் நிறம் என்பது இந்த ஜீப்புக்குச் சட்டப்படியே கிடையாது. சரி, அடிக்கடி ரோட்டில் பார்க்கிறோமே என்றால், பார்க்கிறோம்தான். எல்லோரையும் யாரும் பிடிப்பதில்லை.

என்ஜின் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ஹரிகேன் உண்மையிலேயே இருந்தது, சுற்றவும் செய்தது. ராத்திரி தூங்காமல் யோசித்திருக்கிறேன். ஜீப்பு பிறக்கும்போது எப்படி இருந்ததோ அதற்குக் கொண்டுபோவதுதான் புதுப்பிப்பதா? அப்படிப் பார்த்தால் எந்தத் தேதிக்கு? பம்பாயில் செய்த ஜீப்பு, ஓஹையோவில் செய்ததன் நகல். 2018-இல் மகிந்திரா அதே முகத்தை ராக்ஸர் என்ற பெயரில் அமெரிக்காவுக்கே கொண்டுபோய், காட்டு வேலைக்கென்று விற்றது. ஜீப் பெயரை இன்று வைத்திருக்கும் கம்பெனி வழக்குப் போட, அவர்கள் ஜீப்பின் சாயலை மகிந்திரா திருடிவிட்டது என்று 2020-இல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் தீர்ப்புச் சொன்னது. முகத்தை மாற்ற வேண்டி வந்தது. எழுபது வருஷமாக முறைப்படி உரிமம் வாங்கிச் செய்து, செய்தவர்களே கைவிட்ட பிறகும் காப்பாற்றி வைத்த முகம் அது. அசல் எது நகல் எது என்ற பேச்சில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்தச் செய்தியோடு போய்விட்டது.

பாயிடம் கேட்டேன். அவருக்கு இதில் தத்துவம் எதுவும் தெரியவில்லை.

"தம்பி, பெட்ரோல் போட்டா ஓட்டுவீங்களா?"

"ஞாயித்துக்கெழம ஓட்டலாம் பாய்."

"டீசல் போட்டா?"

"மூட்ட ஏத்தலாம்."

"அப்ப என்ன கேள்வி இது?"

டீசல்தான் ஏறியது. நீலம்தான் அடித்தோம். பிரேக்கில் மட்டும் பழசைத் தொடவில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசிக் குழாய் வரைக்கும் எல்லாம் புதுசு. இறக்கத்தில் பக்தி உதவாது. 6.00-16 டயர் ஐந்து. பின் அச்சின் டிஃப்ரன்ஷியல் உருண்டை நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும், இந்த ஜீப்புகளின் அடையாளமே அது. அதற்குள்ளிருந்த கிரவுன் பினியனைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, அப்படியே மூடினோம். ராணுவம் ஓட்டி, அப்பா ஓட்டி, இன்னும் பற்கள் பளபளவென்று இருந்தன.

எஃப்சி பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் இளைஞர். சேஸ் நம்பரைத் தேடி அலுத்துப்போய், ஆர்சி புக்கின் தாளைத் தடவிப் பார்த்தார். தான் பிறப்பதற்கு முன்னால் வந்த வண்டிக்கு அவர் ஐந்து வருஷம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார். மறுபதிவுக் கட்டணம் அப்போது 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கிவிட்டார்கள்.

இப்போது ஜீப்புக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 2021-இல் வந்த விதிப்படி அதைத் தொன்மை வண்டியாகப் பதியலாம். 20,000 ரூபாய் கட்டினால் நம்பர் பலகையில் 'விஏ' எழுத்து கிடைக்கும், பத்து வருஷத்துக்குச் செல்லும். கோயம்புத்தூர் நண்பர் விண்ணப்பத்தையே அச்செடுத்து அனுப்பிவிட்டார். படித்துப் பார்த்தேன். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம், எண்ணெய் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது, வியாபாரத்துக்குக் கூடவே கூடாது. பழசை மதிக்க வேண்டும் என்று நல்ல மனசோடு போட்ட விதிதான். பட்டணத்தில் ஷெட்டுக்குள் கம்பளி போர்த்தி வைத்திருக்கும் கார்களுக்கு அது பொருந்தும். எங்கள் ஜீப்பு அந்தப் பலகையை மாட்டிக்கொண்டால் மறுநாள் காட்டுக்குள் இறங்க முடியாது. எங்கள் ஊர் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் தங்கள் புது மகிந்திரா தார் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு இதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். சாணி நாற்றம் அடிக்கிறது என்று ஒரு பெண் மூக்கைப் பொத்தினார். அன்று காலையில்தான் எரு இறக்கியிருந்தோம்.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வழக்கமான ஐந்து வருஷ மறுபதிவே போதும், காசு கூடினாலும்.

ஹரிகேன் என்ஜின் இன்னும் கொட்டகை மூலையில்தான் இருக்கிறது. பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் சுற்றுகிறது, கார்புரேட்டர் மட்டும் போனது. அதைக் கண்ணாடி மேசைக்குக் கீழே வைத்து அழகு பார்க்க வேண்டும் என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள், இல்லையென்று சொல்லிவிட்டேன். சிஜே3பி ஒன்றை வைத்துக்கொண்டு, என்ஜின் கிடைக்காமல் நிறுத்திவைத்திருப்பவர் யாராவது இருந்தால் ஆர்சி புக்கோடு மன்னவனூருக்கு வாருங்கள். காசு வேண்டாம். ஏற்றி இறக்கும் கூலியை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.